இடைவேளை வரைக்கும்

குருபரப்பள்ளி பாலம் ஏறியதும் படம் போடுவார்
டிரைவர் திம்மராஜ்.
அவரிடம் இருப்பது ஒரே பென்டிரைவ்,
அதில் இருப்பது ஒரே படம்.
திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து வரவும்
ஓசூர் தாண்டிக் கம்பெனி கேட் வரவும்
சரியாக இருக்கும்.
எட்டு மாதமாக
முதல் பாதி மட்டும் பார்த்த
நாற்பத்தேழு பேர் நாங்கள்.

அணைக்கட்டின் மேல் நிற்கிறான் கதாநாயகன்,
கையில் நனைந்த ஒரு கடிதம்.
அதற்கு மேல் தெரியாது.
தெரியாது என்பதற்காகப்
பேசாமல் இருந்துவிட முடியுமா?
“சாகத்தான் போறான், மூஞ்சியப் பாரு” என்பாள் லகுமி.
“கல்யாணத்துல முடியும், இருபது ரூபா பந்தயம்”
இது முனிலட்சுமி.
“போன்ல தேடினா ஒரு நிமிஷம்” என்று
தப்சும் ஒருநாள் பையைத் திறந்தாள்.
பஸ்ஸே கத்தியது, வேணாம்டி!

போனைப் பற்றி எங்களைத்தான் கேட்க வேண்டும்.
ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு போன் தொடுகிறேன் நான்.
பட்டன் போன்தான் போன் என்பது சௌடேஸ்வரியின் கட்சி:
ஒரு சார்ஜுக்கு நாலு நாள்,
கீழே விழுந்தால் தரைக்குத்தான் காயம்.
தப்சும் தவணையில் வாங்கியவள்.
போனின் வேகம் குறைந்துவிட்டது,
தவணை குறையவில்லை.
நாங்கள் செய்கிற போன்
எங்களில் ஒருத்தியிடமும் இல்லை.
அதைப் பற்றி மட்டும்
யாருக்கும் கருத்து இல்லை.

முனிலட்சுமி வீட்டுக்காரர் கரண்ட் வண்டி வாங்கினார்.
செலவே இல்லை, சத்தமே இல்லை என்று
ஒரு வாரம் ஊரெல்லாம் பேச்சு.
எட்டாம் நாள் சூளகிரி சந்தைக்குப் பக்கத்தில்
நடுரோட்டில் நின்றது.
“பெட்ரோல்னா பாட்டில்ல வாங்கிட்டு வரலாம்,
கரண்டை எதுலடி புடிக்கிறது?”

செவ்வாய்க்கிழமை எங்கோ ஒரு நாடு வரியை ஏற்றியது.
புதன்கிழமை எங்களுக்கு ஓவர்டைம் இல்லை.
அடுத்த வாரம் தள்ளிவைத்தார்களாம்,
ஓவர்டைம் திரும்பி வந்தது.
உலகப் படத்தில் அந்த நாட்டைத்
தொட்டுக் காட்டத் தெரியாது ஹேமலதாவுக்கு.
ஆனால் வாரத்துக்கு நானூறு ரூபாய் அளவுக்கு
அதை நன்றாகத் தெரியும்.

போன வியாழன்
மேலுமலை இறக்கத்தில் கிரானைட் லாரி சாய்ந்து
வீட்டளவு கல் ஒன்று
ரோட்டின் குறுக்கே உட்கார்ந்துகொண்டது.
முன்னால் வண்டி, பின்னால் வண்டி.
படம் இடைவேளையைத் தாண்டியது.
தூங்கிக்கொண்டிருந்தவளைக் கிள்ளி எழுப்பினோம்.
எவளும் மூச்சு விடவில்லை.

முதலில் ஒரு பாட்டு, பனிமலையில்.
பிறகு சண்டை.
பிறகு இன்னொரு சண்டை, அதே ஆட்களோடு.
கடிதம் வரவே இல்லை.
எடுத்தவர்களே அதை மறந்துவிட்டார்கள்.
எட்டு மாதமாக நாற்பத்தேழு விதமாய்
நாங்கள் எழுதிப் பார்த்த கடிதம்.
கடைசியில் அவன் சாகவும் இல்லை,
தாலி கட்டவும் இல்லை.
மீதி அடுத்த பாகத்தில் என்று போட்டார்கள்.

“இருபது ரூபா?” என்றாள் லகுமி.
“அடுத்த பாகத்துல” என்றாள் முனிலட்சுமி.

போய்ச் சேரும்போது மணி எட்டரை.
அரை நாள் சம்பளம் பிடித்தம்.
கல்லைப் போட்டது நாங்களா என்று
ஒரு மணி நேரம் கருத்து இருந்தது எங்களிடம்,
கேட்க ஆளில்லை.
போனை லாக்கரில் வைத்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு.
மூலையில் கீறல் விழுந்த என் போன்.
உறை மாட்டிய விரலால் அன்றைய முதல் கண்ணாடியை
இடமிருந்து வலம் தடவிப் பார்த்தேன்.
யாருடைய சண்டையும்
யாருடைய செய்தியும் இன்னும் ஏறாத கண்ணாடி.
என் முகம் கொஞ்சம் தெரிந்தது.
சரி என்று பட்டியில் வைத்தேன்.
அடுத்தது வந்துவிட்டது.